பிரணவிக்கு ஒரு பதக்கம்

எனக்கு நீச்சல் தெரியாது. மீட்புப் படகுச் சங்கத்தில் பதினொரு வருடம் இருந்தவன் என்றதும் எல்லோரும் என்னை அலைக்குள் பாய்கிற ஆளாக நினைத்துக்கொள்கிறார்கள், அதனால் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் எனக்கு மூச்சு முட்டும். என் இடம் கரையில், இறங்குதுறைக்கு மேலே இருக்கிற ரேடியோ அறை. ஒரு மேசை, இரண்டு ரேடியோ, ஒரு கேத்தில், தண்ணீரைப் பார்த்த ஒரு ஜன்னல். சனிக்கிழமைகளில் காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் ஐந்து வரை அங்கே இருப்பேன்.

தமிழிலேயே எழுதித் தரலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்று நேற்றுச் சொன்னீர்கள். அது பெரிய உதவி. ஆங்கிலத்தில் எழுதினால் என் கை தானாக அலுவலகக் கடிதத்துக்குப் போய்விடும். எல்லர்ஸ்லியில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பத்தொன்பது வருடமாகக் கோரிக்கைகளைப் படிக்கிறவன் நான். கார் எப்படி மோதியது, கூரை எப்படி ஒழுகியது என்று சனம் எழுதி அனுப்புவதைப் படிப்பதுதான் வேலை. தாங்கள் செய்ததை விளக்கும்போது மனிதர்கள் எவ்வளவு நியாயமானவர்களாக இருக்கிறார்கள் என்று எனக்கு அதிசயமாக இருக்கும். ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு சுவரில் மோதுவதில்லை.

பெயர் குணரத்தினம். வயது ஐம்பத்தெட்டு. பிளாக்ஹவுஸ் பேயில் மனைவி சரோஜாதேவியோடும் மகள் பிரணவியோடும் இருக்கிறேன். இருந்தேன் என்று எழுதுவதுதான் சரி. பிரணவி இப்போது வீட்டில் இல்லை.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. மனுக்காவ் துறைமுகத்தின் வாயில் நீளமான மணல்திட்டு ஒன்று இருக்கிறது. இங்கே எல்லோரும் அதை பார் என்பார்கள். வெளிக்கடலில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகவேண்டும், தாண்டித்தான் வரவேண்டும். கடல் பெருகி நிற்கும்போது தாண்டினால் ஒரு தொல்லையும் இல்லை. வற்றத் தொடங்கிவிட்டால் உள்ளேயிருந்து தண்ணீர் வெளியே ஓடும், வெளியேயிருந்து அலை உள்ளே வரும், இரண்டும் திட்டின்மேல் முட்டிக்கொள்ளும். நேரம் போகப்போக அலை பெரிதாக உடையும். ஆகவே தாண்டுகிற ஒவ்வொரு படகும் ரேடியோவில் எங்களைக் கூப்பிட்டு, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று பதியவேண்டும். உதவி என்று கேட்டால் நான் மணியை அடிப்பேன். கீழே காத்திருக்கிற குழு படகை எடுத்துக்கொண்டு போகும்.

எங்கள் ஆட்கள் ரேடியோவில் கூப்பிடமாட்டார்கள். எங்கள் ஆட்கள் என்று நான் சொல்வது இலங்கை, இந்தியா, பீஜி என்று எங்கிருந்து வந்தாலும் தமிழ் கதைக்கிறவர்களை. ரேடியோவில் கதைக்க ஒரு முறை இருக்கிறது. அந்த முறையில் சொல்லவேண்டும், துறைமுகம் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். ஒரு சின்ன விஷயத்துக்கு ஏன் வெள்ளைக்காரரைத் தொந்தரவு செய்யவேண்டும் என்று நினைப்பார்கள். அதற்குப் பதிலாக என் கைத்தொலைபேசிக்கு எடுப்பார்கள். "அண்ணை, வெளிக்கிடுறம், மூண்டு பேர், ரெண்டு மணிக்கு வந்திடுவம்." நான் ஒரு சிவப்பு மட்டைக் கொப்பியில் எழுதிக்கொள்வேன். சங்கத்தின் பதிவில் அந்தப் படகு இருக்காது, என் கொப்பியில்தான் இருக்கும். இது பிழையென்று எனக்குத் தெரியும், ஆனால் நான் தடுக்கவில்லை. கோயிலில் என்னை ரேடியோ குணா என்று கூப்பிடுவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

சின்னப்பா என்கிறவரும் அப்படித்தான் எடுப்பார். பீஜியில் பிறந்தவர், பிளாட் புஷ்ஷில் வீடு, குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை. ஐம்பத்துநாலு வயது. அவருடைய தமிழ் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த தமிழ், எழுதப் படிக்கத் தெரியாது. ஒருமுறை ரேடியோவில் படகின் பெயரைச் சொல்லாமல் நேரே விஷயத்துக்கு வந்துவிட்டாராம், யாரோ எல்லோருக்கும் கேட்கத் திருத்தினார்களாம். அதற்குப் பிறகு அவர் அந்தப் பெட்டியைத் தொட்டதே இல்லை. "நீங்க இருக்கீங்கல்ல அண்ணே" என்பார்.

இனிப் பதக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

வருடத்துக்கு ஒருமுறை சங்கம் விருது கொடுக்கும். கடலில் உயிர் காத்தவர்களுக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று நீல நாடாவில் பதக்கம். ரேடியோ அறைக்காரருக்குச் சான்றிதழ். பதினொரு வருடத்தில் எனக்கு ஏழு சான்றிதழ் கிடைத்தன. சரோஜா அவற்றை அலுமாரிக்குள், படுக்கை விரிப்புகளுக்குக் கீழே, மடிப்புக் குலையாமல் வைத்திருக்கிறாள். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. மேசையில் இருக்கிறவனுக்கு எதற்குப் பதக்கம்?

பிரணவியின் கதை வேறு. இருபத்தேழு வயது, பிசியோதெரபிஸ்ட். நான்கு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், கீழே படகைப் பார்த்துவிட்டு அப்படியே சேர்ந்துவிட்டாள். தண்ணீரில் மீன்தான். சங்கத்தில் பயிற்சி கொடுப்பவர் என்னிடம் வந்து, இப்படி ஒரு நீச்சல்காரியைத் தான் பார்த்ததில்லை என்றார். நான்கு வருடத்தில் தொண்ணூற்றாறு தடவை கடலுக்குப் போனாள். தொண்ணூற்றாறும் இழுவை. பெற்றோல் முடிந்தவன், பற்றரி இறங்கினவன், கயிறு சிக்கினவன். போய்க் கட்டி இழுத்துக்கொண்டு வருவது. அவளோடு சேர்ந்த ஒரு பெடியன், பாதிக்கு மேல் வேலைக்கு வராதவன், ஒரே ஒரு நாள் மோசமான கடலில் போனான், வெள்ளிப் பதக்கம் வாங்கினான். மேடையில் அவனுக்கு எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியது பிரணவிதான்.

சரோஜாவின் தம்பி ஜனார்த்தன் ஒரு பிறந்தநாள் வீட்டில் எல்லோருக்கும் முன்னால் கேட்டான்.

"என்ன பிள்ளை, கடலிலை பிரேக்டவுன் சேர்விஸ் எப்பிடிப் போகுது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்கு முகத்தில் அடித்தாற்போல இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பதக்க விதிகளை எடுத்துப் படித்தேன். படிக்கத் தெரிந்த ஆள் நான், அதுதானே தொழில். உயிருக்குப் பெரும் அபாயம் நிலவும் சூழலில் காட்டிய துணிவுக்காக என்று எழுதியிருந்தது. எத்தனை தடவை போனாய், எத்தனை மணித்தியாலம் நனைந்தாய் என்பதெல்லாம் கணக்கில் இல்லை. சூழல் வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் காற்றின் வேகத்துக்கு ஒரு பெட்டி, அலையின் உயரத்துக்கு ஒரு பெட்டி, தண்ணீரில் இருந்த நேரத்துக்கு ஒரு பெட்டி. துணிவுக்குப் பெட்டி கிடையாது, அது மற்றப் பெட்டிகளிலிருந்து வரும்.

ஜனவரியில் பிரணவி சாப்பாட்டு மேசையில் நிதானமாகச் சொன்னாள், வேறு நாட்டில், பேர்த் நகரத்தில் ஒரு வைத்தியசாலையில் வேலைக்கு மனுப்போட்டிருப்பதாக. அவள் ஆங்கிலத்தில்தான் கதைப்பாள், நாங்கள் தமிழில் பதில் சொல்வோம், எங்கள் வீட்டில் அதுதான் முறை. படகு என்ன ஆகும் என்று கேட்டேன். படகில் பெரிதாக என்ன நடக்கிறது அப்பா என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அது அவ்வளவு நோவாக இருந்தது. ஒரு பதக்கம் கிடைத்திருந்தால் அவள் போயிருக்கமாட்டாள். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பெப்ரவரி கடைசிச் சனிக்கிழமை நடந்ததை முதலில் அறிக்கையில் இருக்கிறபடி தருகிறேன். அந்த அறிக்கையை எழுதியது நான்.

பிற்பகல் மூன்று இருபதுக்குச் சின்னப்பாவின் முதல் அழைப்பு. இயந்திரம் நின்றுவிட்டது, மணல்திட்டுக்கு வெளியே நங்கூரத்தில் நிற்கிறார்கள், அவரும் அவருடைய அண்ணன் மகன் ஜிதேஷும். ஜிதேஷுக்கு முப்பது வயது, எலெக்ட்ரீசியன். மூன்று இருபத்திரண்டுக்கு நங்கூரக் கயிறு அறுந்தது. மூன்று இருபத்தைந்துக்கு மணி. படகு திட்டுக்குப் போய்ச் சேர நாற்பது நிமிடம். மூன்று ஐம்பத்தெட்டுக்குச் சின்னப்பாவின் படகு உடைகிற அலையில் கவிழ்ந்தது. எங்கள் படகு போனபோது ஜிதேஷ் கவிழ்ந்த படகின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். சின்னப்பாவைக் காணவில்லை. படகை அந்த அலைக்குள் கொண்டுபோக முடியாது என்று குழுத் தலைவர் கிரெய்க் சொல்ல, பிரணவி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாய்ந்தாள். பதினொரு நிமிடம் ஜிதேஷை அலைக்குமேல் பிடித்திருந்தாள். தோள்மூட்டு விலகிவிட்டது. அப்படியும் விடவில்லை. சின்னப்பாவின் உடல் மறுநாள் காலையில் கரையொதுங்கியது.

அவள் தண்ணீரில் இருந்த பதினொரு நிமிடமும் எனக்கு ரேடியோவில் இரைச்சல்தான் கேட்டது. அந்த நேரம் என்ன நினைத்தேன் என்று நேற்றுக் கேட்டீர்கள். பயந்தேன். ஆனால் வேலையை நிறுத்தவில்லை. அலை எத்தனை மீற்றர் என்று கிரெய்க்கிடம் இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை அவர் பதில் சொல்லவில்லை. இரண்டாவது தடவை நாலரை என்று கத்தினார். எழுதிக்கொண்டேன். பெட்டியை வெறுமையாக விட்டால் பதக்கக் குழு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும்.

சின்னப்பாவின் பதின்மூன்றாம் நாள் காரியத்துக்கு நாங்கள் மூன்று பேரும் பிளாட் புஷ்ஷுக்குப் போனோம். அவருடைய மனைவி லச்மி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் நீங்கதானே அண்ணே அவரோட பேசிக்கிட்டு இருந்தீங்க" என்று அழுதா. பிரணவிக்குத் தன் கையால் சாப்பாடு ஊட்டிவிட்டா. பதக்க விண்ணப்பத்துக்குப் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் கடிதம் ஒன்று இருந்தால் பலம். நான் கேட்டதும் உடனே ஒப்புக்கொண்டா. ஆங்கிலத்தில் நான்தான் எழுதிக் கொடுத்தேன், வாசித்துக் காட்டச் சொன்னா, வாசித்தேன். "இந்தப் பொண்ணுக்குக் குடுக்கலன்னா யாருக்குக் குடுப்பாங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டா.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் விருது விழா. பிரணவிக்கு வெண்கலம். வெள்ளி எதிர்பார்த்தேன், பரவாயில்லை. சரோஜா பட்டுச் சேலை உடுத்து வந்தாள். ஜனார்த்தனும் வந்திருந்தான், வாயே திறக்கவில்லை. பேர்த் வேலையை வேண்டாம் என்று எழுதிவிட்டதாக அன்று காலையில்தான் பிரணவி சொல்லியிருந்தாள். அன்றைக்குப் போல நான் சந்தோஷமாக இருந்தது கிடையாது.

பிறகு ஜிதேஷ் பேச எழும்பினான். கையில் எழுதிய தாள் இருந்தது. பிரணவிக்கு நன்றி சொன்னான், கிரெய்க்குக்கு நன்றி சொன்னான். கடைசியில் என் பக்கம் திரும்பினான். குணா அங்கிளுக்கு என்று தொடங்கினான். தான் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்ததால் ஒன்றும் சரியாகத் தெரியாது, ஆனால் சித்தப்பா இரண்டு மணித்தியாலம் உங்களோடு கதைத்துக்கொண்டே இருந்தார், நீங்கள் இரண்டு மணித்தியாலமும் அவரைப் பயப்படவிடவில்லை, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன் என்றான். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. நானும் எழுந்தேன். பிரணவி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

அவள்தான் கார் ஓட்டினாள். பின் சீற்றில் சரோஜா. எங்கள் தெருமுனையில் இருக்கிற டெய்ரிக் கடைக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு, இஞ்சினை அணைக்காமல் கேட்டாள். மணி அடித்தது மூன்று இருபத்தைந்துக்கு. கவிழ்ந்தது நாலுக்கு. இரண்டு மணித்தியாலம் எங்கேயிருந்து வந்தது?

நான் பிள்ளையிடம் பொய் சொன்னதில்லை. சொல்லிப் பழக்கமும் இல்லை. ஒன்றொன்றாக எடுத்துச் சொன்னேன். உங்களுக்கும் அதே ஒழுங்கில் தருகிறேன்.

முதல் அழைப்பு ஒன்று முப்பத்தைந்துக்கு வந்தது.

"குணா அண்ணே, இஞ்சின் செத்துப்போச்சு. பார் தாண்டி வெளிய நிக்கிறோம், நங்கூரம் போட்டுட்டேன்."

"ஆக்களுக்கு ஒண்டும் இல்லைத்தானே?"

"ஜிதேஷுக்குத்தான் கொஞ்சம் வாந்தி. அவசரமில்ல அண்ணே, உங்க ஆளுங்க சாப்பிட்டு வரட்டும்."

அவசரமில்லை என்பது அவர் வாயால் சொன்னது. அன்றைக்குக் கடல் பெருகி முடிந்தது ஒன்று இருபதுக்கு. தண்ணீர் தட்டையாகக் கிடந்தது. நான் அப்போது மணியை அடித்திருந்தால் காலைக் குழு போய் இழுத்துக்கொண்டு வந்திருக்கும், மூன்றரைக்குச் சின்னப்பா வீட்டில் குளித்துக்கொண்டிருப்பார். காலைக் குழு கீழே சீட்டு விளையாடிக்கொண்டிருந்தது. அதன் தலைவர் ஒருமுறை மேலே வந்து, இன்றைக்கு என்ன ஒரே அமைதி என்று கேட்டார். ஓம், அமைதிதான் என்றேன். அவருக்கும் ஒரு தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். என் தொலைபேசி மேசையில் கவிழ்ந்து கிடந்தது.

இரண்டு ஐந்துக்கு இரண்டாவது அழைப்பு. படகு வெளிக்கிட்டுவிட்டது என்றேன். இரண்டு நாற்பதுக்கு மூன்றாவது. வழியில் இன்னொரு படகுக்கு உதவி செய்யவேண்டி வந்துவிட்டது, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். "பாவம், அவங்கள மொதல்ல பாருங்க அண்ணே" என்றார்.

காலைக் குழுவின் முறை மூன்று மணியோடு முடியும். மூன்று மணிக்குக் குழு மாறும். பிரணவி மூன்று மணிக் குழு.

இதைச் சொன்னதும் பிரணவி கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள். பிறகு மகள் வேறொன்று கேட்டாள், இதுதான் முதல் தடவையா என்று. இல்லை என்றேன். நவம்பரில் நல்லசாமி என்கிற மதுரைக்காரரின் படகில் பெற்றோல் முடிந்தபோது ஐம்பது நிமிடம் மணியை அடிக்காமல் வைத்திருந்தேன். காற்று விழுந்துவிட்டது, அதுவும் இழுவையாகத்தான் முடிந்தது. மறுவாரம் அவர் நன்றி சொல்லி ஒரு பை நிறைய மீன் கொண்டுவந்தார், பிரணவியும் சாப்பிட்டாள். ஜனவரியில் இன்னொரு தடவை. அதிலும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் கண்மூடித்தனமாகச் செய்கிறவன் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். காற்றும் நீரும் பார்த்துத்தான் செய்தேன்.

அவள் கார்க் கதவைத் திறந்து இறங்கினாள். தோள் இன்னும் சரியில்லை, இடக்கையால்தான் திறந்தாள். எங்களோடு எப்போதும் ஆங்கிலத்தில் கதைக்கிற பிள்ளை தமிழில் சொன்னாள்.

"அவர் உங்களை நம்பினவர், அப்பா."

சொல்லிவிட்டு நடந்துபோனாள். கார் இஞ்சின் ஓடியபடியே நின்றது. கொஞ்ச நேரத்தில் சரோஜா முன்னுக்கு வந்து வீடு வரைக்கும் ஓட்டினாள். அன்றிலிருந்து அவள் எனக்குச் சமைத்து வைக்கிறாள், கதைப்பதில்லை.

மறுநாள் பிரணவி பிளாட் புஷ்ஷுக்குப் போய் லச்மியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அதற்கடுத்த நாள் பொலிஸுக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள். லச்மி எனக்கு ஒருமுறை எடுத்தா. திட்டப்போகிறா என்று நினைத்துத்தான் தொலைபேசியைக் காதில் வைத்தேன். திட்டவில்லை.

"அண்ணே, நான் கையெழுத்துப் போட்ட அந்தக் கடிதத்த திருப்பி வாங்கிக்க முடியுமா?"

முடியாது என்று விளக்கினேன். விண்ணப்பத்தோடு சேர்த்த கடிதங்களைக் கோப்பில் வைத்துவிடுவார்கள், திருப்பிக் கொடுக்கிற வழக்கமில்லை. சரி அண்ணே என்று வைத்துவிட்டா. அன்று இரண்டு மணித்தியாலம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழவேண்டும் என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

இனி நீங்கள் நேற்று மூன்று தடவை கேட்டும் நான் ஞாபகமில்லை என்று சொன்ன கேள்வி. மூன்று மணிக்குக் குழு மாறியது. மகள் வந்துவிட்டாள். படகு தயார். அப்படியென்றால் மணி ஏன் மூன்று இருபத்தைந்துக்கு?

ஞாபகம் இருக்கிறது. பிரணவி மூன்று மணிக்கு முதலே வந்துவிட்டாள். மேலே வந்து என் தேத்தண்ணீரில் பாதியைக் குடித்தாள், எல்லாம் ஓகேயா என்று கேட்டாள், ஓம் என்றேன். கீழே போய் உடுப்பை மாற்றினாள், மிதவை அங்கியைச் சரிபார்த்தாள். எல்லாம் ஜன்னலால் தெரிந்தது. மூன்று பத்துக்குத் தொலைபேசி அடித்தது.

"அண்ணே, அலை ஒடைய ஆரம்பிச்சிருச்சு. கயிறு ரொம்ப இழுக்குது. போட் எங்க வருது?"

"கிட்ட வந்திட்டினம். பயப்பிடாதையுங்கோ."

"ரேடியோல ஒரு தடவை கூப்பிட்டுப் பாக்கட்டுமா?"

"வேண்டாம் சின்னப்பா. அதிலை வேற ஆக்கள் கதைச்சுக்கொண்டிருக்கினம். என்னோடை மட்டும் கதையுங்கோ."

"சரி அண்ணே. நீங்க சொன்னா சரி."

அவர் அந்த ரேடியோவில் ஒரு சொல் சொல்லியிருந்தால் துறைமுகம் முழுக்கக் கேட்டிருக்கும். அவர் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

மூன்று மணிக்கு நான் மணியை அடித்திருந்தால் மூன்று நாற்பதுக்குப் படகு போயிருக்கும். கயிறு அறுந்தாலும், திட்டில் ஏறுமுன்னமே பிடித்திருப்பார்கள். இரண்டு பேரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். பதிவில் இழுத்து வந்தது என்று ஒரு வரி எழுதியிருப்பேன், தொண்ணூற்றேழாவது வரி. கயிறு இருக்கிறவரைக்கும் அது இழுவை. கயிறு அறுந்த பிறகுதான் அது மீட்பு. நான் கயிறு அறும்வரை காத்திருந்தேன். மூன்று இருபத்திரண்டுக்கு அவர் எடுத்து "போச்சு அண்ணே, அறுந்துபோச்சு" என்றார். மூன்று நிமிடம் பொறுத்து, அறிக்கைக்கு முதல் அழைப்பின் நேரத்தை மூன்று இருபது என்று எழுதி வைத்துவிட்டு, மணியை அடித்தேன். பிறகு அவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன், மூன்று ஐம்பத்தெட்டு வரைக்கும். கடைசியில் அவர் ஜிதேஷை எழுப்பி மிதவை அங்கியைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு அங்கிகளில் ஒன்றில் கொக்கி உடைந்திருந்ததாம். நல்லதை அவனுக்குப் போட்டேன் அண்ணே என்றார்.

அவரை நான்தான் கொன்றேன் என்று எழுதவேண்டுமென்றால் எழுதுகிறேன். எழுதிவிட்டேன். கீழே கையெழுத்தும் போடுகிறேன்.

பிரணவி பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்றீர்கள். பேர்த்துக்கும் போகப்போகிறாளாம். சங்கத்திடம் சொல்லுங்கள், அதைத் திருப்பி எடுக்கவேண்டாம், ஒரு இடத்தில் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கு இப்போது கோபம், ஆறினதும் கேட்பாள். அந்த அலைக்குள் பதினொரு நிமிடம் நின்றது அவள், அதில் என் கை இல்லை. அவளிடமும் ஒன்று சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் விட்டுப் பார்த்தால், அவள் வந்த பிறகு நான் மேலதிகமாக எடுத்தது இருபத்தைந்து நிமிடம். பெற்ற பிள்ளைக்காக ஒரு தகப்பன் அந்த இருபத்தைந்து நிமிடம் பொறுமையாக இருந்திருக்கமாட்டானா?